மர மனிதனும் மாஸ்டர் இப் மானும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் எடிசன், ஒருவன் அப்துல் கலாம், ஒருவன் விஸ்வேஸ்வரய்யா. நான் ஒரு சண்டைக்கலை வாத்தியாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் பெயர் இப் மான். புரூஸ் லீயின் குரு என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

2008ல் வெளிவந்த அவருடைய படத்தை ஹாஸ்டலில் ஒரு செல்போனைச் சுற்றி ஆறு பேர் தலையை நுழைத்துப் பார்த்தோம். டானி யென் ஒரே ஆளாகப் பத்து பேரை அடித்துப் போடுவார். ஜப்பான் ஜெனரலை மேடையில் வீழ்த்துவார். விசில் பறந்தது! அப்புறம் நூலகத்திலும் வேறு இடங்களிலும் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சண்டையெல்லாம் கதைக்காகச் சேர்த்தது என்று. எனக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவருடைய உண்மை வாழ்க்கை அந்தப் படத்தைவிட என்னை அதிகமாகப் பிடித்து உலுக்கிவிட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளை

தெற்குச் சீனாவில் குவாங்டாங் மாநிலத்தில் ஃபோஷான் என்று ஓர் ஊர். அங்கே 1893 அக்டோபர் 1ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் இப் மான். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு முன்னோர் மண்டபம் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து சான் வா சுன் என்பவர் விங் சுன் என்ற சண்டைக்கலையைச் சொல்லிக் கொடுத்துவந்தார். இந்த சான் வா சுன் தொழிலால் காசு மாற்றிக் கொடுப்பவர். அவருடைய குரு லியுங் ஜான் அதே ஊரில் பேர் பெற்ற மூலிகை வைத்தியர்.

சிறுவன் இப் மான் அந்த மண்டபத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய், பிறகு மாணவனாகவே சேர்ந்துகொண்டான். குருவுக்கு அப்போதே வயதாகிவிட்டது. அவர் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட சீடன் இவன்தான். சில ஆண்டுகளில் குரு இறந்துபோக, மூத்த சீடரான இங் சுங் சோக் மீதியைக் கற்றுக்கொடுத்தார்.

விங் சுன் கலையில் பெரிய தாவல், குட்டிக்கரணம் எதுவும் கிடையாது. நெற்றியிலிருந்து தொப்புள் வரை உடம்பின் நடுவே ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய நடுக்கோட்டைக் காக்க வேண்டும், எதிராளியின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும். கை போகும் வழி மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். பலத்தோடு பலம் மோதாமல் கோணத்தை மாற்றி விலக்க வேண்டும். ஒரு பெண் துறவி உண்டாக்கி, யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த கலை என்பது பரம்பரைக் கதை. பெயரும் அந்தப் பெண்ணின் பெயர்தான்.

பதினாறு வயதை ஒட்டி இப் மானைப் படிப்புக்காக ஹாங்காங் அனுப்பினார்கள். புனித ஸ்டீபன் கல்லூரியில் படித்தார். அங்கே ஒரு வயதானவரிடம் கை கலந்து, நொடியில் தோற்றுப்போனார் என்றும், அந்த மனிதர் வைத்தியர் லியுங் ஜானின் மகன் லியுங் பிக் என்று பிறகு தெரிந்து அவரிடமே மேற்கொண்டு கற்றார் என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, இருபது வயது தாண்டி ஊர் திரும்பும்போது தேர்ந்த ஆளாகத்தான் திரும்பினார்.

திரும்பியவர் பள்ளி எதுவும் திறக்கவில்லை. சொத்து இருந்தது, போலீஸ் வேலையும் கிடைத்தது. திருமணம் ஆனது, குழந்தைகள் பிறந்தார்கள். சண்டைக்கலை அவருக்குப் பிழைப்பு அல்ல, ஆசை.

எல்லாம் போன கதை

1938ல் ஜப்பான் படை ஃபோஷானுக்குள் நுழைந்தது. போர்க்காலத்தில் குடும்பத்தின் செல்வம் கரைந்தது. அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் 1940களின் தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார். போர் முடிந்ததும் மறுபடி போலீஸ் வேலை. 1949ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. பழைய ஆட்சியின் போலீஸ்காரர், நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை... அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஹாங்காங் போய்ச் சேர்ந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்போது அவருக்கு வயது 56! நம் ஊரில் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயசு. வேலைக்காரர்கள் வைத்து வாழ்ந்த மனிதர், கையில் காசில்லாமல், அகதிகள் நிரம்பி வழிந்த ஒரு ஊரில் போய் நிற்கிறார். கையில் இருந்தது சின்ன வயசில் ஆசைக்குக் கற்றுக்கொண்ட அந்தக் கலை ஒன்றுதான்.

1950ல் கௌலூன் பகுதியில் ஓட்டல் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வகுப்பு தொடங்கினார். முதல் மாணவர் லியுங் சியுங். அவரும் அந்தச் சங்கத்துக்காரர்தான். அடுப்படியிலும் மேசையிலும் நாள் முழுக்க நின்று உழைத்தவர்கள்தான் ராத்திரி வந்து கற்றார்கள். பணக்கார வீட்டு மண்டபத்தில் கற்ற கலையை, தொழிலாளர் சங்க ஹாலில் சம்பளத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். வந்த மாணவர்களில் பாதியில் நின்றவர்கள் பலர். பள்ளியும் ஒரே இடத்தில் நிலைக்கவில்லை, அடிக்கடி மாறியது.

மர மனிதன்

இப்போது தலைப்பில் இருக்கும் மர மனிதனுக்கு வருகிறேன். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

விங் சுன்னில் மூன்று வெறுங்கைப் பயிற்சி வரிசைகள் உண்டு. முதலாவது சியு நிம் தாவ், அதாவது சிறு எண்ணம். அடுத்தது சும் கியு, பாலத்தைத் தேடுவது. மூன்றாவது பியு ஜீ, பாயும் விரல்கள். இவற்றோடு சேர்ந்து வருவதுதான் முக் யான் ஜோங் என்ற மர மனிதன். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த உருண்டை மரக்கட்டை. மேலே இரண்டு கை, நடுவில் ஒரு கை, கீழே முழங்கால் மடக்கியதுபோல வளைந்த ஒரு கால். மூன்று கையும் ஒரு காலும் உள்ள விசித்திர மனிதன்! கைகள் கட்டையில் சதுரத் துளை போட்டுச் செருகியவை. ஆணி கிடையாது, இறுக்கமும் கிடையாது. அதனால்தான் தட்டும்போது டக் டக் என்று ஆடும்.

ஃபோஷானில் இந்தக் கட்டையை மண்ணில் குழி வெட்டி நட்டுவைப்பார்கள். ஹாங்காங்கில் மண்ணுக்கு எங்கே போவது? மாடி மேல் மாடி, சிமெண்டுத் தரை. குழி வெட்டினால் கீழ் வீட்டுக்காரன் தலையில்தான் விழும்! அதனால் இப் மானின் காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. கட்டையின் மேலும் கீழும் குறுக்காக இரண்டு மெல்லிய பலகைகளைச் செருகி, அந்தப் பலகைகளைச் சுவரிலோ சட்டத்திலோ தாங்கவைத்தார்கள். தள்ளினால் பலகை வில்போல லேசாக வளைந்து திரும்பும். ஸ்பிரிங் தத்துவம்! மண்ணில் நட்டதைச் செத்த கம்பம் என்றும், இந்தத் தொங்கும் கம்பத்தை உயிருள்ள கம்பம் என்றும் சொல்கிறார்கள். இடமில்லாத குறையிலிருந்து பிறந்த ஏற்பாடு, இன்றைக்கு உலகம் முழுக்க விங் சுன் பள்ளிகளில் பரவிவிட்டது.

இதை உடைக்கிற மாதிரி அடிக்கக் கூடாது. பலத்தைக் காட்டினால் காட்டியவன் கைதான் வீங்கும். முன்கையை எந்தக் கோணத்தில் வைப்பது, எத்தனை தூரத்தில் நிற்பது, காலை எங்கே எடுத்து வைப்பது என்பதைச் சொல்லித் தருவதுதான் அதன் வேலை. மனிதனோடு பயிற்சி செய்தால் அவன் நமக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான், விலகுவான். மரம் விலகாது. நாம்தான் அதைச் சுற்றிச் சரியான இடத்துக்குப் போக வேண்டும். கோணம் தப்பினால் எலும்பில் வலிக்கும். சரியாக இருந்தால் கட்டையின் கனம் முழுவதும் நம் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இந்தப் பயிற்சி வரிசையை இப் மான் தம் வாழ்நாளில் திருத்தி அடுக்கினார். அவர் கடைசியாக விட்டுச்சென்ற வரிசையை 116 அசைவுகள் என்று எண்ணுகிறார்கள்.

இதைப் படித்ததும் முதல் வருஷ ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப்தான் நினைவுக்கு வந்தது. இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரம் போட்டுவிட்டு, டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போமே! இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தால் தப்பு. திட்டாது, அடிக்காது, ஆனால் பொய்யும் சொல்லாது. மர மனிதனும் அப்படித்தான் போலிருக்கிறது.

கற்றுக்கொடுத்த விதம்

இப் மான் பழைய குருமார்களைப்போல பூடகமாகப் பேசவில்லை என்கிறார்கள். பஞ்சபூதம், எட்டுக்கோணம் என்ற மர்மச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஏன் கை இப்படிப் போக வேண்டும் என்று காரணத்தோடு விளக்கினார். ஒட்டும் கைகள் என்று பொருள்படும் சி சாவ் பயிற்சியில் மாணவர்களோடு தாமே கை சேர்த்துப் பழக்கினார். உடம்போ ஒல்லி, குள்ளம்.

1950களின் நடுவில் ஒரு விடலைப் பையன் வந்து சேர்ந்தான். அவன்தான் புரூஸ் லீ. அவனுக்கு அதிகம் பயிற்சி கொடுத்தது மூத்த மாணவர் வோங் சுன் லியுங். 1959ல் புரூஸ் லீ அமெரிக்கா போய்விட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தப் புகழ் வருவதற்கு முன்பே இப் மானிடம் பல நல்ல மாணவர்கள் உருவாகிவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

குறையே இல்லாத மனிதரா? அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. அபின் பழக்கம் இருந்தது என்று சில மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்கள் மறுக்கிறார்கள். துயரமும் குறைவில்லை. குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மனைவி 1960ல் ஃபோஷானில் இறந்தார். மகன்கள் இப் சுன்னும் இப் சிங்கும் 1962ல்தான் அப்பாவிடம் வந்து சேர்ந்தார்கள்.

1960களின் பிற்பகுதியில் மாணவர்கள் சேர்ந்து ஹாங்காங்கில் விங் சுன் சங்கத்தை முறையாக அமைத்தார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து உடம்பு இளைத்துப்போன கடைசிக் காலத்தில், 8 மில்லிமீட்டர் படச்சுருளில் தம் பயிற்சி வரிசைகளைச் செய்துகாட்டிப் பதிவு செய்யவைத்தார். சிறு எண்ணம், பாலம் தேடுதல், பிறகு மர மனிதன். தமக்குப் பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்லித் தவறிப்போகக் கூடாது என்ற கவலை இருந்திருக்கும். அந்தப் படத்தை நான் பார்த்தேன். சத்தம் கிடையாது. மெலிந்த ஒரு கிழவர் அவசரமே இல்லாமல் கட்டையைச் சுற்றிக் கை வைத்துக்கொண்டு போகிறார். சாகப்போகிற மனிதர் என்று தெரியாவிட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

1972 டிசம்பர் 2ல் ஹாங்காங்கில் அவர் காலமானார். அடுத்த வருஷம் ஜூலையில் புரூஸ் லீயும் போய்விட்டார். 2002ல் ஃபோஷானில் இப் மானுக்கு நினைவு மண்டபம் திறந்தார்கள். விட்டு ஓடிய ஊரே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது!

ஏன் எழுதினேன்?

காரணம் சொல்வதாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா இருபத்தைந்து வருஷம் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மில்லு மூடினப்போ அவருக்கு வயசு ஐம்பது. ஆறு மாசம் சும்மா இருந்துவிட்டு, ஒரு அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். என்னுடைய ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் போகிறது.

முதல் வருஷம் ஹாஸ்டலில் அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. சூப்பர்வைசர்னு சொல்லிட்டேன். ஒருநாள் நைட் டூட்டி முடிந்து, யூனிஃபார்ம் சட்டையோடவே ஃபீஸ் பணம் கொடுக்க கேட்டுக்கு வந்தார். கூட நின்ற நண்பன் யாருடான்னு கேட்டான். ஊர்க்காரர்னு சொன்னேன். அப்பா காதில் விழுந்ததா என்று இன்று வரைக்கும் தெரியாது. பணத்தைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டியாப்பா என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

56 வயதில் சங்க ஹாலில் நின்ற அந்தச் சீனரைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரை மாஸ்டர் என்று கொண்டாடுகிறேன். ஐம்பது வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய மனிதர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அவரை ஊர்க்காரர் என்கிறேன். கோணம் தப்பினால் மரம் வலிக்கவைக்கும் என்று மேலே எழுதினேன் இல்லையா, அந்த வலி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

நண்பர்களே, என் அப்பா வாட்ச்மேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆகும். பரவாயில்லை. இந்தப் பக்கம் வரும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்