திரும்பப் பெறப்பட்ட கடிதம்

குடகு மாவட்டத்தின் மடிக்கேரி நகரில் 'சன்னி சைடு' என்றொரு பழைய வீடு இருக்கிறது. 1957 முதல் 1961 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் கே.எஸ். திம்மையாவின் குடும்ப வீடு அது. 2021-இல் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதனை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். அங்கே சென்றிருந்த ஒரு பிற்பகலில், பதக்கங்களையும் புகைப்படங்களையும் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாலும், என் நினைவு முழுவதும் ஒரு கடிதத்தைச் சுற்றியே வந்தது. 1959 ஆகஸ்ட் 31 அன்று திம்மையா எழுதி, உடனே திரும்பப் பெற்றுக்கொண்ட ராஜிநாமா கடிதம் அது. ஒரு நாட்டின் தலைமைத் தளபதி யாருக்குக் கட்டுப்பட்டவர், எதற்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி இந்திய வரலாற்றில் இத்தனை கூர்மையாக எழுந்த தருணம் வேறில்லை என்றே கருதுகிறேன்.

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள, அந்தப் பதவி கடந்துவந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்பவர் வைஸ்ராய்க்கு அடுத்த அதிகாரம் படைத்தவர். படைகளை நடத்தியதோடு, வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அவருக்கு இடமிருந்தது. புது தில்லியில் அவருக்காகக் கட்டப்பட்ட மாளிகைதான் விடுதலைக்குப் பின்னர் பிரதமர் நேருவின் இல்லமாகி, தீன்மூர்த்தி பவன் என்று பெயர் பெற்றது. தளபதியின் வீடு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரின் வீடாக மாறியது தற்செயலாக இருக்கலாம். ஆனால், மாறிவிட்ட காலத்தை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லிவிட முடியாது.

1949 ஜனவரி 15 அன்று குடகைச் சேர்ந்த கே.எம். கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அந்நாளையே இன்றும் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1955-இல் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பட்டம் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தலைமைத் தளபதிகள்; மூவரும் சமம். முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம். நடைமுறை அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரவையிடம். இந்த ஏற்பாட்டுக்குள் வந்து அமர்ந்தவர்தான் திம்மையா.

1906-இல் மடிக்கேரியில் பிறந்த அவர், குன்னூரிலும் பெங்களூரிலும் பள்ளிப்படிப்பை முடித்து, டேராடூன் ராணுவக் கல்லூரி வழியாக இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் சென்று, 1926-இல் ராணுவ அதிகாரியானார். அந்நியரின் சீருடையை அணிந்துகொண்டு, சொந்த நாட்டு மக்களின் விடுதலைப் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த தலைமுறை அது. அலகாபாத்தில் பணியாற்றிய நாட்களில் வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவரை வாட்டியது. அவ்வேளையில் அவருக்கு அறிவுரை கூறித் தடுத்தவர் மோதிலால் நேரு என்பது திம்மையாவின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளது. விடுதலை ஒருநாள் வரத்தான் போகிறது. அன்று நாட்டைக் காக்கப் பயிற்சி பெற்ற இந்திய அதிகாரிகள் தேவைப்படுவார்கள். ஆகவே பொறுத்திரு என்பதே அந்த முதியவரின் அறிவுரையின் சாரம். இளைஞர் விலகவில்லை.

அந்த அறிவுரை எத்தனை சரியானது என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் அவர் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். அதே போரில் களத்தில் ஒரு காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்திய அதிகாரியும் அவரே. அவருடைய அண்ணனோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இணைந்திருந்தார். ஒரே வீட்டின் இரு பிள்ளைகள் எதிரெதிர் அணிகளில் நின்றனர். இருவரும் தத்தம் வழியில் நாட்டையே நினைத்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

1948-இல் காஷ்மீர்ப் போரில் அவர் மேஜர் ஜெனரல். அவ்வாண்டு மே மாதம், 10,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் லே நகரில் அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுதளத்தில் முதல் விமானம் இறங்கியபோது, விமானி மெஹர் சிங்குடன் அதில் திம்மையாவும் இருந்தார். லடாக்கைச் சென்றடையும் தரைவழியை ஜோஜிலா கணவாயில் எதிரிகள் அடைத்துக்கொண்டிருந்தனர். காலாட்படையின் முயற்சிகள் தோற்றன. அவ்வளவு உயரத்தில் டாங்கிகளைக் கொண்டுசெல்வது என்ற துணிச்சலான முடிவை அவர் எடுத்தார். டாங்கிகளின் மேற்பகுதிகள் கழற்றப்பட்டு, மறைத்து, வலுவற்ற பாலங்களின் வழியே கொண்டுவரப்பட்டன. கோவேறு கழுதைகள் செல்லும் மலைத்தடத்தை டாங்கிகள் ஏறும் பாதையாக மாற்றியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவின் வீரர்கள். நவம்பர் 1 அன்று ஜோஜிலாவில் டாங்கிகள் முழங்கின. முன்சென்ற டாங்கிகளில் ஒன்றில் தளபதியும் இருந்தார். அந்த மாதத்திலேயே திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டு, லே நகருக்கான வழி திறந்தது.

1953-இல் அவருக்குக் கிடைத்த பணி வேறுவகையானது. கொரியப் போர் ஓய்ந்தபின், தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க ஐந்து நாடுகளின் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் திம்மையா. இரு வல்லரசு முகாம்களும் ஐயத்துடன் பார்த்த அந்தப் பொறுப்பை, எந்தப் பக்கமும் சாயாமல் முடித்துத் திரும்பினார். மறு ஆண்டில் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. போரிடவும் தெரிந்தவர், பொறுமையாகப் பேசவும் தெரிந்தவர் என்ற பெயருடன், 1957 மே மாதம் தலைமைத் தளபதியானார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தார். மேனன் பேரறிவாளர், உள்நாட்டிலேயே தளவாடங்கள் உற்பத்தி செய்யப்பட வேண்டும் என்று பாடுபட்டவர். அந்த நற்பெயரை அவரிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. ஆனால், கருத்து வேறுபாட்டை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் இயல்பும் அவரிடம் இருந்தது. தளபதியின் கருத்தைப் புறந்தள்ளிப் பதவி உயர்வுகளில் அவர் தலையிட்டார். குறிப்பாக, போர்க்கள அனுபவம் குறைந்தவரும் பிரதமருக்கு நெருக்கமானவருமான பி.எம். கௌலின் உயர்வு ராணுவத்துக்குள் கசப்பை விதைத்தது. அதே வேளையில் வடக்கு எல்லையில் மேகங்கள் திரண்டுகொண்டிருந்தன. 1959 மார்ச் இறுதியில் தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்தார். ஆகஸ்ட் 25 அன்று லோங்ஜு காவல்சாவடியில் சீனத் துருப்புகளுடன் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கு ஆறு நாட்கள் கழித்துத்தான் திம்மையா அந்தக் கடிதத்தை எழுதினார்.

பிரதமர் நேரு அவரை அழைத்துப் பேசினார். நாடு நெருக்கடியில் இருக்கும் வேளையில் விலகல் வேண்டாம் என்றார். திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் செய்தி நாளிதழில் வெளியாகிவிட்டது. செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய நேரு, வேறுபாடுகள் சுபாவம் தொடர்பானவை, பெரிதாக எடுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல என்ற பொருள்பட விளக்கினார். அரசின் அதிகாரமே மேலானது என்று வலியுறுத்தினார். தளபதியின் செயல் அழகல்ல என்று கண்டிக்கவும் செய்தார். தந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் அதிகாரியின் விலகலைத் தடுத்தார். மகன் அதே மனிதரின் விலகலை மீண்டும் தடுத்தார். முதல் முறை அந்த அதிகாரி உயர்ந்தார். இரண்டாம் முறை தளர்ந்தார்.

நேருவின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். பர்மாவில் நீ வின் பொறுப்பேற்றிருந்தார். அண்டை நாடுகள் இரண்டிலும் தளபதிகள் ஆட்சியாளர்களான காலத்தில், படையின் அன்பைப் பெற்ற ஒரு ஜெனரல் அமைச்சரை எதிர்த்துக் கடிதம் கொடுத்தால், எந்த ஜனநாயகத் தலைவருக்கும் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். எனினும் ஒன்றை மறக்கலாகாது. ஆட்சியைப் பிடிக்க நினைப்பவர் ராஜிநாமா கடிதம் எழுதுவதில்லை. தன் பதவியைத் துறக்க முன்வருவது, அரசுக்குக் கட்டுப்பட்ட ஒரு தளபதி தன் மறுப்பைத் தெரிவிக்கக் கையாளத் தக்க மிகக் கண்ணியமான வழி. அதைக் கீழ்ப்படியாமையாகச் சித்திரித்ததுதான் பிழை.

திம்மையாவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. எழுதியபின் அவர் உறுதியாக நின்றிருக்க வேண்டும். அல்லது எழுதாமலே இருந்திருக்க வேண்டும். திரும்பப் பெற்ற கடிதம் அவருடைய சொல்லின் வலிமையைக் குறைத்தது. அடுத்த இருபது மாதங்கள் அவர் பதவியில் இருந்தார். அக்டோபர் மாதம் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் சீனர்களால் கொல்லப்பட்டனர். கிழக்குப் பிராந்தியத் தளபதி தோராட், சீனா தாக்கினால் என்ன நேரும் என்பதை 1960-இல் ஒரு பயிற்சியின் மூலமே எடுத்துக்காட்டினார். எச்சரிக்கைகள் கோப்புகளாயின; கோப்புகள் உறங்கின. தோராட்டையே தன் வாரிசாகத் திம்மையா பரிந்துரைத்தார். 1961 மே மாதம் அவர் ஓய்வு பெற்றபோது, பதவி பி.என். தாப்பருக்குச் சென்றது. கௌல் ராணுவத் தலைமையகத்தின் முக்கியப் பொறுப்புக்கு வந்தார்.

1962 ஜூலையில், ஓய்விலிருந்த திம்மையா ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினார். சீனாவுடன் நேருக்கு நேர் போரிட்டுத் தனியாக வெல்லும் வலிமை இந்தியாவுக்கு இல்லை. ஆகவே அந்த அபாயத்தை அரசியலாலும் ராஜதந்திரத்தாலுமே தவிர்க்க வேண்டும் என்ற கசப்பான மதிப்பீட்டை அதில் வெளிப்படையாக முன்வைத்தார். மூன்றே மாதங்களில் போர் வந்தது. கோடைச் சீருடையுடன் பனிமலைக்கு அனுப்பப்பட்ட வீரர்களின் கதையை நாம் அறிவோம். போர் முடிவதற்குள் மேனன் விலக நேர்ந்தது; தாப்பரும் கௌலும் அடுத்து விலகினர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்க மறுக்கப்பட்ட ஒரு விலகலுக்குப் பதிலாக, மூன்று விலகல்களை நாடு ஏற்க வேண்டியிருந்தது. மாண்ட வீரர்களின் உயிர் எந்த விலகலாலும் திரும்பவில்லை.

இதே நாட்டில் இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே நுழைய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, படை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் மறுத்ததாகத் தளபதி மானெக்ஷா பின்னாளில் பலமுறை கூறினார். ராஜிநாமா செய்யவும் தயாராக இருந்ததாகச் சொன்னார். அந்த உரையாடலின் நுணுக்கங்களை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால், படைக்கு அவகாசம் கிடைத்தது என்பதும், டிசம்பரில் இரு வாரங்களுக்குள் வெற்றி கிட்டியது என்பதும் ஐயத்துக்கு இடமற்றவை. அப்போதும் இறுதி முடிவு பிரதமருடையதே. தளபதி சொன்னது செவிமடுக்கப்பட்டது என்பதுதான் வேறுபாடு.

2020 ஜனவரி 1 முதல் முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி என்ற புதிய பொறுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. தளபதிகளின் தேர்வில் பணிமூப்பா, தகுதியா என்ற விவாதமும் அவ்வப்போது எழுகிறது. அமைப்புகள் மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால், தேர்வு எவ்வழியில் நடந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மூடிய அறைக்குள், ஆட்சியாளருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லும் துணிவு இவருக்கு உண்டா? அதைத் தண்டிக்காமல் கேட்கும் பெருந்தன்மை ஆட்சியாளருக்கு உண்டா? இடித்துரைக்கும் பெரியோரின் துணையை அரசனுக்குரிய பேறாகவே வள்ளுவர் வைத்தார். மக்களாட்சிக்கும் அது பொருந்தும். பொதுமேடையில் தளபதி அரசியல் பேசுவது ஆபத்து. அறைக்குள் அவர் வாய் மூடியிருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

1964-இல் சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப் படையின் தளபதியாகத் திம்மையா மீண்டும் பணிக்குச் சென்றார். கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் நடுவே நின்ற அவர், 1965 டிசம்பர் 18 அன்று அங்கேயே மாரடைப்பால் காலமானார். அவர் நினைவாக அந்தச் சிறு நாடு மறு ஆண்டே அஞ்சல்தலை வெளியிட்டது. பெங்களூரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அன்று மடிக்கேரியிலிருந்து இறங்கும் வழியெல்லாம் ஒரு நினைப்பு என்னை விடவில்லை. 1959-இல் அந்தக் கடிதத்தை நேரு மடித்து வைக்காமல், எழுதியவரை எதிரே அமர்த்தி, எல்லையில் உனக்கு என்ன தேவை என்று மட்டும் கேட்டிருந்தால்? விடை கிடைக்காத கேள்வி அது. ஆனால், இனி வரும் தளபதி ஒருவர் அப்படியொரு கடிதத்துடன் வந்து நின்றால், அன்றைய பிரதமர் நினைவில் கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.