முற்றத்திலே வனங்கண்ட பெரியார்: மா. கிருஷ்ணன்

உலகிற் பெரியாரெனப் போற்றப்படுவோர் பலதிறத்தினர். நாடாண்டு புகழ் பெற்றோர் சிலர். நூல் யாத்துப் புகழ் பெற்றோர் சிலர். வரையாது வழங்கிப் புகழ் பெற்றோர் வேறு சிலர். ஆயின், தம் வீட்டு முற்றத்தில் இரை தேடும் காகத்தையும், மதிலேறும் அணிலையும், சுவரிற் பதுங்கும் பல்லியையும் சலியாது நோக்கி, அந்நோக்கினாலே தாம் இன்புற்று, அவ்வின்பத்தைப் பிறர்க்கும் பகிர்ந்தளித்துப் பெரியாரானோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்க தமிழர் மா. கிருஷ்ணன் அவர்கள். அன்னார் மறைந்து முப்பதாண்டளவாகின்றது. எமது கல்லூரியின் விழா மலரிலே அவர்தம் சரிதத்தை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். எட்டு மக்களுள் இவரே இளையவர். தந்தையார் அ. மாதவையா. ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை எழுதிய அப்பெரியாரின் பெயரைத் தமிழ் நாவல் வரலாறு பயின்றோர் எவரும் மறவார். அரசாங்கத்தின் உப்பு, மதுவரித் திணைக்களத்தில் உத்தியோகம் வகித்த மாதவையா, உரிய காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்று, சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டி, அச்சுக்கூடம் நிறுவி, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார். 1925ஆம் ஆண்டிலே, சென்னைப் பல்கலைக்கழகச் சபையில், பட்டப் படிப்பிலே தமிழுக்கு உரிய இடம் அளிக்கப்படவேண்டுமென்று வாதாடிப் பேசியவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். தமிழுக்காகப் பேசிய பேச்சே அவரது கடைசிப் பேச்சாயிற்று. அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது 13. அதன் பின்னர்க் குடும்பப் பொறுப்பை மூத்த தமக்கையார் ஏற்றுக்கொண்டார்.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூரன்று. வீடுகளுக்கு அப்பாற் புதர்க்காடுகள் பரந்து கிடந்தன. நரிகள் ஊளையிட்டன, வெளிமான்கள் மேய்ந்தன, பறவைகளுக்கோ கணக்கில்லை. இச்சூழலிற் கிருஷ்ணன் கீரிப்பிள்ளையொன்றை வளர்த்தார். பிற்காலத்திலே பெருங்காடுகளுட் புகுந்து யானைகளைத் தொடர்ந்த கால்கள் முதன்முதல் நடை பயின்றது இப்புதர்களிடையேதான்.

சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். பின்னாளிற் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற சந்திரசேகரும் அப்பள்ளியின் பழைய மாணவரே என்பதை, இந்துக் கல்லூரியொன்றன் பழைய மாணவராகிய நாம் அறிந்து மகிழலாம். 1927ஆம் ஆண்டிற் பிரசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்து, 1931ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அங்கே தாவரவியல் கற்பித்த பேராசிரியர் பைசன் அவர்கள், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடிகளை ஆராயச் செல்லும்போது இம்மாணவரையும் உடனழைத்துச் செல்வார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வர்ண ஓவியம் வரையும் முறையையும் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். ஆசிரியர் வகுப்பறையிலே புகட்டுவது ஒரு பங்கு. வெளியே அழைத்துச் சென்று காட்டுவது ஒன்பது பங்கு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மாணவர்கள் ஒன்றை ஈண்டுக் கருத்திற் கொள்ளவேண்டும். கிருஷ்ணன் பரீட்சைகளில் மிகுந்த திறமை காட்டியவரல்லர். அக்காரணத்தால் அவருக்கு நல்ல உத்தியோகமும் எளிதிற் கிட்டவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச் சித்திரமும் வழங்கிக் காலங் கழித்தார். பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கண்டு அவரை அளந்திருப்பின், உலகம் ஓர் அரிய மனிதரை இழந்திருக்கும்.

1942ஆம் ஆண்டிலே பெல்லாரிக்கு அணித்தாயுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியராகவும், நீதிபதியாகவும், பிரசார அதிகாரியாகவும், மன்னரின் அரசியற் செயலாளராகவும் மாறி மாறிப் பணியாற்றினார். ஆயினும் அவர் மனம் பெரும்பாலும் அலுவலகத்துக்கு வெளியேயே உலாவிற்று. குன்றுகளில் அலைந்தார், ஆடு வளர்த்துப் பார்த்தார், தூது செல்லும் புறாக்களைப் பழக்கினார், அயலிலுள்ள விசயநகரத்து இடிபாடுகளைச் சுற்றி வந்தார், கண்டவற்றையெல்லாம் எழுதினார். 1949ஆம் ஆண்டிற் சமஸ்தானம் இந்திய நாட்டுடன் இணைந்தபோது சென்னைக்கு மீண்டார்.

அப்பொழுது அவருக்கு வயது 37. வேறு உத்தியோகம் தேடியிருக்கலாம், தேடவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பியே வாழ்வதெனத் துணிந்தார். 1950ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையில், நாட்டுப்புறக் குறிப்பேடு எனப் பொருள்படும் தலைப்பின் கீழ் இரு வாரங்களுக்கு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். அப்பணி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. கணக்கிட்டுப் பார்ப்பின் கட்டுரைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டும். ஒரே மனிதர், ஒரே பகுதியில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், கூறியது கூறாமல் எழுதுவதென்றால் அதற்குரிய பொருள் எங்கிருந்து கிடைத்தது? முற்றத்திலிருந்தும் கிடைத்தது, காட்டிலிருந்தும் கிடைத்தது. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலொன்று காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒருங்கே தன் பெயராகக் கொண்டிருப்பது நோக்கத்தக்கது. புலியைக் காண்பதற்குப் பொருளும் காலமும் வேண்டும். அணிலைக் காண்பதற்குக் கண் ஒன்றே போதும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய உண்மை.

காட்டு வாழ்விலும் அவர் சளைத்தவரல்லர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட பாரிய ஒளிப்படக் கருவியொன்றைச் சுமந்து, யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தார். 1968ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேரு ஆராய்ச்சிக் கொடை அவருக்கு வழங்கப்பட்டது. அதன் துணையோடு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டி விலங்குகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1975ஆம் ஆண்டிற் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது. வனவிலங்குகளைப் பேணுவதற்கென இந்திய அரசு அமைத்த சபையிலும் அவர் நெடுங்காலம் பணியாற்றினார்.

ஆங்கிலத்திற் புகழ் பெற்ற அவர் தாய்மொழியைக் கைவிட்டாரல்லர். பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகளை வழங்கினார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் நாவலையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சில, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரில், இயற்கை ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் அவர்களாற் பின்னர்த் தொகுக்கப்பட்டன. பழந்தமிழ்ப் புலவர் விலங்குகளையும் பறவைகளையும் எத்துணை நுட்பமாகக் கண்டு பாடினர் என்பதை, அவற்றை நேரிற் கண்ட ஒருவர் எடுத்துக் காட்டும்போது, உரையாசிரியரும் விளக்காத இடங்கள் விளங்கக் காண்கிறோம்.

கிருஷ்ணன் அவர்களின் கொள்கைகள் உறுதியானவை, சிலருக்குக் கசப்பானவை. பிறநாட்டு அழகு மரங்களைக் கொண்டுவந்து வீதியோரங்களில் நடுவதை அவர் விரும்பவில்லை. அம்மண்ணுக்கே உரிய மரங்களே அங்குள்ள பறவைக்கும் பூச்சிக்கும் உணவும் உறையுளும் ஆகும் என்றார். நாடு என்பது மக்களின் மாறிவரும் பண்பாட்டினால் மட்டும் அமைவதன்று. அதன் மலை, ஆறு, மரம், விலங்கு ஆகியவையே அதன் நிலைத்த அடையாளம் என வற்புறுத்தினார். தவறு கண்டவிடத்து அதிகாரிகளின் முகம் நோக்காது கண்டித்தார். இன்சொல்லால் எல்லோரையும் இணக்கிச் செல்லும் இயல்பு அவரிடம் இருந்ததில்லை. அதனால் அவர் இழந்தனவும் இருக்கக்கூடும். ஆயினும் தம் சொல்லை விலைக்கு விற்றாரென்று எவரும் கூறியதில்லை.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியின் சிறப்பை உலகறியச் செய்தோருள் அவரும் ஒருவர். அவ்வூர் மக்கள் பல தலைமுறைகளாக நீர்ப்பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. உழவன் பறவையைக் காக்கின்றான். பறவை உழவனைக் காக்கின்றது. சட்டம் பிறப்பதற்கு முன்னரே அறம் பிறந்துவிட்டது என்பதற்கு அவ்வூரே சான்று.

பத்மஸ்ரீ விருதும், 1995ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் பாராட்டும் அவரை வந்தடைந்தன. 1996ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 18ஆம் நாள், தமது 83ஆவது வயதில் அவர் காலமானார். அன்றைய தினமும் அவருடைய கட்டுரை பத்திரிகையில் வெளிவந்திருந்தது. எழுதியவர் மறைந்த நாளிலும் எழுத்து தன் கடமையைச் செய்தது.

இனி, தொடக்கத்தில் யான் குறித்த காரணத்தைக் கூறுகின்றேன். சங்க நூல்களைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களின் பெயர்களையும் மாணாக்கர் மனனஞ் செய்து ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றேன். ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கையிற் சாளரத்துக்கு வெளியே மின்கம்பியில் வந்தமர்ந்த பறவையொன்றைச் சுட்டி, அதன் பெயர் யாதென ஒரு சிறுவன் வினவினான். எனக்குத் தெரியவில்லை. பாடத்தைக் கவனிக்கும்படி அவனைப் பணித்தேன். அன்று மாலை வீடு செல்லும்வரை என் உள்ளம் என்னை உறுத்திற்று. தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயரறிந்தும் ஒரு மலரையேனும் கண்டறியாத கல்வியை அன்றோ யான் கொடுத்து வந்தேன்! அதன் பின்னரே கிருஷ்ணன் அவர்களின் எழுத்துக்களைத் தேடிப் படித்தேன்.

யான் வதியும் கொலன்னாவை சதுப்பு நிலஞ் சூழ்ந்த ஊர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் அன்பர்கள் அதனை நுளம்பும் வெள்ளமும் உள்ள இடமென்றே அறிவர். அச்சதுப்பு நிலமே பெருமழையின் நீரைத் தன்னுள் வாங்கித் தலைநகரைத் தாங்குகின்றது என்பதைப் பலர் அறியார். அதனைச் சிறிது சிறிதாக மண்ணிட்டு நிரப்பினோம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் எமது வீதிகளிலே தோணி ஓடிற்று. அதன் ஓர் அருகிலே, மீதொட்டமுல்லையில், நகரத்தின் குப்பையையெல்லாம் மலையாகக் குவித்தோம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. இயற்கையை மதியாமை அழகுணர்ச்சியின் குறை மாத்திரமன்று. உயிருக்கே இறுதியாவதென்பதை எமது ஊர் கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2018ஆம் ஆண்டிலே, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களென முதன்முதல் ஏற்றுக்கொள்ளப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. கொழும்பின் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்றும் உலாவுகின்றன. நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்கின்றது. மீன்கொத்தி நீலச் சுடரெனப் பாய்கின்றது. அதிகாலையிற் பேருந்துக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடங்களில் இவற்றுட் சிலவற்றை யான் நாள்தோறும் காண்கின்றேன். அன்று மின்கம்பியில் இருந்தது வெண்மார்பு மீன்கொத்தி என்பதையும் பின்னர் அறிந்து, அச்சிறுவனை அழைத்துக் கூறினேன். அவனோ அதனை முன்னரே வேறொருவரிடம் கேட்டு அறிந்து வைத்திருந்தான்!

விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரி வளவிலே நினைவு மரம் நடுவீராயின், பூந்தொட்டியில் வந்த அயல்நாட்டுச் செடியை நடாது, மருதோ, புன்னையோ, நாவலோ நடுக. நட்டதோடு அமையாது, அதில் முதன்முதல் வந்து அமரும் பறவையின் பெயரை இன்றைய மாணவன் ஒருவனிடம் கேட்டறிக. அவனுக்குத் தெரியாதாயின் இருவரும் சேர்ந்து தேடுக. கிருஷ்ணன் என்னும் பெரியாருக்கு நாம் செய்யத்தக்க அஞ்சலி அதுவேயாம்.