இப்னு பதூதாவும் மதுரைப் புளியும்

வெளியூர்ப் பயணம் முடித்துத் திரும்பும் நம் சகோதரர்களிடம் சுகம் விசாரித்தால், பெரும்பாலோர் வயிற்றைத்தான் குறை சொல்கிறார்கள். திருப்பூரிலிருந்து பனியன் சரக்கோடு வடக்கே போனவரும் சரி, கோவையில் விமானம் ஏறி ஷார்ஜா போய்வந்தவரும் சரி, ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன் என்கிறார். கண்ட நேரத்தில் உண்டது, கிடைத்த இடத்தில் தண்ணீர் குடித்தது, இரவெல்லாம் கண் விழித்தது எல்லாம் சேர்ந்து உடலைச் சாய்த்துவிடுகின்றன. உடல் சாய்ந்தால் முதலில் தவறிப் போவது சுபுஹுத் தொழுகை. இது நாம் அனைவரும் அறிந்ததே.

ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் பயணத்திலேயே கழித்த ஒரு பெரியாரின் வாழ்க்கையை இந்தக் கண்கொண்டு பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் சென்ற நாடுகளின் பட்டியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் எங்கெங்கே நோயுற்றார்கள், எப்படித் தேறினார்கள் என்பதைச் சொல்வார் குறைவு. அந்த நோய்களில் மிகக் கடுமையான ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே அவர்களைப் பிடித்தது.

மொரோக்கோ நாட்டின் தன்ஜா நகரில், காஜிமார் நிறைந்த குடும்பத்தில் 1304இல் பிறந்தவர்கள். மாலிக்கீ மத்ஹபினர். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூனில், தமது இருபத்தொன்றாம் வயதில் துணை எவருமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். வட ஆப்பிரிக்காவின் பிஜாயா நகரை அடைந்தபோதே காய்ச்சல் கண்டுவிட்டது. உடன் வந்த ஒருவர், குணமாகும் வரை அங்கேயே தங்கும்படி எடுத்துச் சொன்னார். இளைஞர் இணங்கவில்லை. மவுத்து வருமானால் ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்று உறுதியாக நின்றார். அப்படியானால் சுமையையாவது குறைத்துக்கொள் என்றார் அந்த நல்லவர். வாகனத்தையும் கனத்த சாமான்களையும் விற்றுவிடச் செய்து, தம்முடைய வாகனத்தையும் கூடாரத்தையும் இரவல் கொடுத்தார். காய்ச்சல் தணியாததால், கீழே விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு தூனிஸ் நகர் வரை சென்றார்கள்.

அந்த ஈமானுறுதியை வியக்கிறோம். ஆனால் அது பின்பற்றத்தக்க வழி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிரயாணிக்கும் நோயாளிக்கும் நோன்பை வேறு நாளைக்குத் தள்ளிவைக்க அல்லாஹ்வே அனுமதித்திருக்கிறான். நான்கு ரக்அத்துத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். தண்ணீர் தீங்கு தருமானால் தயம்மும் உண்டு. சலுகை தரப்பட்டிருக்க, உடலை வருத்திக்கொள்வதில் தனியொரு நன்மை இருப்பதாக நம்மில் சிலர் நினைக்கிறார்கள். (கஸ்ருக்கு 48 மைல் என்று நம் ஆலிம்கள் கணக்குச் சொல்வார்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வந்து போகிறவர் முஸாஃபிர் ஆகமாட்டார். சேலம் போகிறவர் ஆவார். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதை அவரவர் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்க.)

மக்கா, யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி எனச் சுற்றி தில்லி வந்து, முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றிய வரலாறு யாவரும் அறிந்தது. சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார்கள்; கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புயலில் சிதைந்தன. மலையாளக் கரைப் பாதையை அவர்கள் புகழ்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. வழி நெடுக மரநிழல். அரை மைலுக்கு ஒரு தங்குமிடம். அங்கே ஒரு கிணறு. வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வார்க்க ஓர் ஆள். நம் பொள்ளாச்சிச் சாலையிலும் உடுமலைச் சாலையிலும் புளிய மரங்கள் நிழல் கவித்து நின்ற காலத்தை நினைத்துக்கொள்கிறோம். சாலையை அகலமாக்கியபோது அவற்றில் பல வெட்டுண்டு போயின.

உணவு விஷயத்தில் அவர்கள் பட்ட பாடு வேடிக்கையாகவும் இருக்கிறது, பரிதாபமாகவும் இருக்கிறது. ரொட்டி தின்று வளர்ந்தவருக்கு மலையாளம், மாலத்தீவு, இலங்கை, மஃபர் எங்கும் சோறுதான். மூன்றாண்டுகள் இப்படிக் கழிந்து, கடைசியில் தண்ணீரைக் குடித்துத்தான் சோற்றை விழுங்க முடிந்ததாம். ஆயினும் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டை அவர்கள் ஒதுக்கவில்லை. நெய்யும் ஊறுகாயும் மீனும் கோழியும், முடிவில் மோரும் என்று ஹொன்னாவரில் பரிமாறப்பட்ட விருந்தை வரிசை தவறாமல் நினைவில் வைத்திருந்து சொல்லியிருக்கிறார்கள்.

மஃபர் என்று அரபிகள் அழைத்தது நம் தமிழகக் கடற்கரையை. இலங்கையிலிருந்து 1344 வாக்கில் இங்கே வந்தார்கள். மதுரையில் அப்போது ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன். அவருடைய மனைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த மனைவியும் சகோதரிகள். சுல்தான் பட்டன் துறைமுகத்தில் இருக்கையில், யோகி ஒருவர் உடல் வலிமைக்கென்று இரும்புத் தூள் கலந்த மாத்திரைகள் செய்து கொடுத்தார். சுல்தான் அளவுக்கு மீறி விழுங்கி நோயில் விழுந்தார். வீரிய மருந்து என்று விளம்பரம் செய்து விற்கப்படுவதையெல்லாம் வாங்கி விழுங்கும் வழக்கம் அறுநூறு ஆண்டு கழிந்தும் ஒழிந்தபாடில்லை.

மதுரைக்கு வந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் போயினர். சிறிது காலத்தில் சுல்தானும் போனார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியதைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அவர்களையும் கொடிய காய்ச்சல் பற்றியது. இதுவே முடிவு என்று எண்ணியிருந்த வேளையில், அல்லாஹ் அவர்கள் உள்ளத்தில் புளியைப் பற்றிய எண்ணத்தைப் போட்டான். இந்நாட்டில் மலிந்து கிடப்பதாயிற்றே! ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். (நம் பாட்டிமார் சொல்லும் ராத்தலும் அந்த அரபிச் சொல்லின் வழி வந்ததுதான்.) மூன்று நாள் வயிறு போயிற்று, பிறகு சுகமுண்டாயிற்று. நாம் இதை வைத்தியமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் கண்டவர் டாக்டரிடம் போவதே முறை. அந்நிய மண்ணில் விழுந்த மனிதர், அந்த மண்ணின் பொருளிலேயே ஷிஃபாவைத் தேடினார் என்பதே நம் கவனத்தை ஈர்க்கிறது.

புதிய சுல்தான் நாஸிருத்தீன் தங்கும்படி வேண்டியும் கேளாமல் விடைபெற்றுக் கப்பலேறினார்கள். கொல்லம் வந்ததும் செய்த காரியம் முக்கியமானது. நோயின் மிச்சம் உடலில் இருந்ததால் அங்கே மூன்று மாதம் தங்கி ஓய்வெடுத்தார்கள். சேணத்தில் தம்மைக் கட்டிக்கொண்டு போன இளைஞர்தாம் இவர். நாற்பது வயதில், உடலும் ஓர் அமானிதம் என்று கண்டுகொண்டார் போலும். அப்படித் தேறியிருந்ததனால்தான் அடுத்து நேர்ந்ததைத் தாங்க முடிந்தது என்று நினைக்கிறோம். கொல்லத்திலிருந்து புறப்பட்ட வழியில் கடற்கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, கால்சட்டையோடு கரையில் விட்டார்கள்.

1348இல் ஷாம் தேசத்தைப் பெருங்கொள்ளைநோய் அழித்தபோது அங்கும் இருந்தார்கள். திமிஷ்கில் மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றுக் கூட்டமாக துஆச் செய்ததைக் கண்ணால் கண்டார்கள். 1349இல் தாயகம் திரும்பியபோது தாயாரும் அதே நோயில் வபாத்தான செய்தி காத்திருந்தது. தந்தையார் அதற்கும் பல்லாண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

பிறகும் கால் நிற்கவில்லை. 1352இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுத் தலைநகரை அடைந்த பத்தாம் நாள், சேப்பங்கிழங்கு போன்ற ஒன்றில் செய்த கூழை ஆறு பேர் சேர்ந்து உண்டார்கள். அறுவரும் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். இவர்கள் மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் போய்த் தொழுகையிலேயே மயங்கி விழுந்தார்கள். எகிப்தியர் ஒருவர் வேர் மருந்தைச் சோம்பும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்துக் கொடுக்க, வாந்தியெடுத்து உயிர் பிழைத்தார்கள். இரண்டு மாதம் பிணி நீடித்தது.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு ஜுஸய் என்பவர் எழுத, தம் பயணங்களைச் சொல்லி 1355இல் முடித்தார்கள். இத்தனை காய்ச்சல்களுக்கும் கொள்ளைநோய்களுக்கும் தப்பி, மொரோக்கோவின் ஓர் ஊரில் காஜியாக இருந்து, 1368 வாக்கில் சொந்த நாட்டிலேயே வபாத்தானார்கள்.