பெரியாழ்வாரின் திருநந்தவனமும் கோதையின் இளமைக் கல்வியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிய நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆனி மாதத்து ஸ்வாதி நக்ஷத்திரத்தில், கருடாம்சராய் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். பெரியாழ்வார் என்று உலகம் கொண்டாடும் இவர், பாண்டியன் சபையில் பரத்வ நிர்ணயம் செய்ததையும், யானையின் மேலிருந்து திருப்பல்லாண்டு அருளியதையும் நாம் பலகாலும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இங்கே அவருடைய திருநந்தவனத்தையும், அதில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்த விதத்தையும் சிறிது அநுபவிக்க முற்படுகிறோம்.

எம்பெருமானுக்கு உகப்பான கைங்கர்யம் எது என்று ஆராய்ந்த விஷ்ணுசித்தர், கண்ணபிரான் வடமதுரையில் மாலாகாரருடைய இல்லத்துக்குத் தானே எழுந்தருளிப் பூமாலை பெற்று உகந்ததை நெஞ்சிற்கொண்டார். அன்று முதல் நிலம் திருத்தி, பூஞ்செடிகளை நட்டு, நீர் வார்த்து, மலர் பறித்து, மாலை தொடுத்து வடபத்ரசாயிக்குச் சமர்ப்பிப்பதே அவர்க்குப் போது போக்காயிற்று. பிற்பாடு மதுரையில் பொற்கிழியும் பட்டத்துயானையும் அரச மரியாதையும் வந்து சேர்ந்தன. அவற்றால் அவர் அரசவையில் தங்கிவிடவில்லை. தம் ஊருக்கு மீண்டு, முன்போலவே செடிகளின் நடுவே நின்றார்.

அப்படியிருக்கையில் ஓர் ஆடிப் பூரத்தன்று, அந்நந்தவனத்துத் துளசியின் அடியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை நூல்கள் தெரிவிக்கின்றன. அவர் இட்ட திருநாமம் கோதை. கோதை என்னும் சொல்லுக்கே மாலை என்று பொருள். மாலை கட்டுபவர் தம் மகளுக்கு வேறு என்ன பெயர் இடுவார்!

அக்குழந்தைக்கு ஆழ்வார் எதை எந்த நாளில் கற்பித்தார் என்பதை நூல்கள் விரித்துரைக்கவில்லை. ஆயினும் இருவருடைய பாசுரங்களும் அதற்குச் சான்றாய் நிற்கின்றன. பெரியாழ்வார் திருமொழியில், ஆநிரை மேய்க்கப் புறப்படும் கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகம் ஒன்று உண்டு. செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என எட்டு மலர்கள் அங்கே முறையே வருகின்றன. தமனகமும் மருவும் மணமுள்ள தழைகளாய் உடன் சேர்கின்றன. இவற்றை ஒரு தோட்டக்காரரின் கண்கொண்டு நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். செண்பகமும் பாதிரியும் புன்னையும் மரங்கள். குருக்கத்தி பந்தலேறும் கொடி. மல்லிகையும் இருவாட்சியும் செடிகள். செங்கழுநீர் நீரில் வாழ்வது. மரம், கொடி, செடி, நீர்ப்பூ என்னும் வேறுபாடு முழுவதும் ஒரு பதிகத்துள் அடங்கிவிட்டது. யசோதையின் பாவனையில் ஒவ்வொரு பூவையும் பெயர் சொல்லிக் குழந்தையை அழைத்த அந்தத் திருவாக்கு, தம் இல்லத்துக் குழந்தைக்கும் அப்பெயர்களைச் சொல்லாமல் இருந்திருக்குமோ?

மகள் கற்றதை அவளுடைய பிரபந்தங்களே காட்டுகின்றன. திருப்பாவையின் 30 பாசுரங்களுள் பதினான்காவதில், புழைக்கடைத் தோட்டத்து வாவியில் செங்கழுநீர் மலர்வதும் ஆம்பல் குவிவதும் பொழுது விடிந்ததற்கு அடையாளமாகின்றன. ஒரே நீரில் நிற்கும் இரண்டு பூக்களுள் ஒன்று எப்போது திறக்கும், மற்றொன்று எப்போது மூடும் என்பதை விடியலில் குளக்கரையில் நின்றவர்களே அறிவர். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலோ, கருவிளையும் களாக்கனியும் காயாம்பூவும் காந்தளும் கோவையும் முல்லையும் அவள் முறையிடும் உறவினர்போல நிற்கின்றன. செடிகளோடு வழக்காடவும் வருந்தவும் உரிமை உள்ளவள், அவற்றோடு உடன் வளர்ந்தவளே.

இக்கல்வியில் ஒரு சோதனையும் நேர்ந்தது. எம்பெருமானுக்கென்று தொடுத்த மாலையைக் கோதை தான் சூடி அழகு பார்த்துப் பின் கூடையில் வைப்பாளாயினள். அதைக் கண்ட ஆழ்வார் திடுக்கிட்டு, அன்று மாலை சமர்ப்பிக்காமலே நின்றார். பிறர் முகர்ந்த பூவும் பெருமாளுக்கு ஆகாது என்பதன்றோ கைங்கர்ய நெறி! எம்பெருமான் கனவில் தோன்றி, அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகப்பு என்று அருளினான். பூவை யாருக்காக வளர்க்கிறோம் என்பதைத் தந்தை கற்பித்தார். அதில் தன்னையும் சேர்த்துத் தொடுக்கலாம் என்பதை மகள் காட்டிவிட்டாள். அன்றுதொட்டு ஆசிரியரே மாணாக்கியின் பெருமையை உணர்ந்து நின்றார்.

பின்பு கோதை திருவரங்கம் சென்று பெரிய பெருமாளோடு சேர்ந்தாள். பெரியாழ்வார் திருமொழியில், மகளைக் காணாத தாயொருத்தியின் பாசுரம் உண்டு. அன்றலர்ந்த தாமரைகள் பனியால் இதழும் தாதும் உதிர்ந்து அழகழிந்த பொய்கையைப்போல இல்லம் வெறிச்சோடியதாக அவள் புலம்புகிறாள். அது தாய்ப் பாசுரமே; ஆயினும் அதைச் சேவிக்கும்போது, ஆளற்ற நந்தவனத்தில் பூக்கூடையோடு நிற்கும் ஆழ்வாரை நினையாதிருக்க நம்மால் இயலுவதில்லை.

நம் இல்லங்களில் நந்தவனம் அமையாமற் போகலாம். ஒரு துளசி மாடமோ மாடியில் ஒரு தொட்டியோ அமையும். அதற்கு நீர் வார்ப்பதைக் குழந்தையிடம் ஒப்படைப்போம். கதிரைக் கிள்ளிவிட்டால் துளசி பக்கக் கிளை விட்டுத் தழைப்பதையும், உதிர்ந்த விதை மழைக்குப் பின் முளைப்பதையும் அவர்கள் கண்ணாலேயே காணட்டும். பறிக்கும் பூவின் பெயரையும், அது யாருக்கு என்பதையும் உடன் சொல்வோம். கோதையின் செயல் நமக்கு அளவன்று. ஆயினும் பிஞ்சுக் கை பட்டு ஒரு மொட்டு கசங்கிற்றென்று கடிந்துகொள்ளாதிருப்போம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்
ஆண்டாள் திருவடிகளே சரணம்