ஈறில் கசியும் ரத்தமும் குன்னூர் டாக்டரும்

பல் துலக்கித் துப்பும்போது லேசாகச் சிவந்திருந்தால், பிரஷ் பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். வைட்டமின் சி குறைவால் வரும் கசிவாக இருந்தால், வாயில் தெரிவதற்கு முன்பே உடம்புக்குள் பாதிப்பு தொடங்கியிருக்கும். நம் குன்னூரில் இதை ஆராய்ந்தவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன்.

1878-ல் அயர்லாந்தில் பிறந்த இவர், பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படித்து 1901-ல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். முதலில் வடமேற்கு எல்லை மலைகளில் வேலை. கில்கிட் பகுதியில் கழுத்துக் கழலை ஏன் வருகிறது என்று அறிய, அங்கிருந்த அசுத்த நீரைத் தாமே குடித்துச் சோதித்தவர்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்வதே முதல் பணி. கூடவே ஸ்கர்வியையும் எடுத்துக்கொண்டார். மனிதர்களைப் போலவே கினிப்பன்றிகளாலும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாது. அவற்றுக்குப் பச்சைத் தீனியை நிறுத்திப் பார்த்தார். நோய் வெளியே தெரியுமுன்பே உள்ளுறுப்புகளில் ரத்தக்கசிவும், அட்ரீனல் சுரப்பிகளில் மாற்றமும் ஏற்பட்டிருந்தன. 1921-ல் தம் ஆய்வுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

1923-ல் அரசின் சிக்கன நடவடிக்கையால் ஆராய்ச்சி நின்றது. அவர் விடவில்லை. 1925-ல் மீண்டும் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய், பழம் தின்ற எலிகள் செழித்தன. பாலும் கீரையும் பழமும் குறைந்த சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு கடைசியில் நின்றது. நெற்களஞ்சியத்தில் வாழும் நமக்கு இது கசப்பான சேதிதான். 1933-ல் சர் பட்டம் பெற்று, 1935-ல் ஓய்வுபெற்ற அவர், 1960-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அவர் வளர்த்த ஆய்வகமே பின்னர் ஹைதராபாத் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

சரி, ஈறுக்கு வருவோம். ஈறையும் பல்லையும் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதியாக உருவாக வைட்டமின் சி வேண்டும். அது மிகவும் குறைந்தால் ஈறு வீங்கிப் பஞ்சுபோலாகி ரத்தம் கசியும். முற்றினால் பல்லே ஆடும். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டாலும் அரிசியிலிருந்து இந்தச் சத்து கிடைக்காது. ஆனால் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை எல்லாம் நம் ஊர்ச் சந்தையிலும் கொல்லையிலும் இருக்கின்றன. கொதிக்கவைத்தால் சத்து குறையும். எலுமிச்சம்பழ சாதத்துக்கு, அடுப்பை அணைத்து ஆறிய பிறகு சாறு பிழியுங்கள். கீரையை அதிக நேரம் வேகவிடாதீர்கள். வேகவைத்த நீரையும் கொட்டாதீர்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். ஈறில் ரத்தம் வர பெரும்பாலும் பல்லில் படியும் அழுக்கே காரணம். அதற்கு நெல்லிக்காய் மட்டும் போதாது. பல் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தனியாகச் சமைத்து, மோர் சாதமும் ஊறுகாயுமாக நாளை ஓட்டும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் இருந்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது நாலு கொய்யாப்பழம் வாங்கிப் போங்கள். கடிக்க முடியாதவர்களுக்குப் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.