சுவாமி சிவானந்தர்

சுவாமி சிவானந்த சரசுவதி (செப்டெம்பர் 8, 1887 – ஜூலை 14, 1963) தமிழ்நாட்டில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் இமயமலை அடிவாரத்தில் உள்ள இரிசிகேசத்தில் துறவியாக வாழ்ந்தவர். தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர். யோகம், வேதாந்தம், உடல்நலம் ஆகியவை குறித்து இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். நகர வாழ்க்கையிலிருந்து சில நாட்கள் விலகி, அமைதியான ஓர் இடத்தில் தங்கி, ஆசனம், மூச்சுப் பயிற்சி, எளிய உணவு, தியானம் ஆகியவற்றைப் பழகும் வழக்கம் உலகின் பல நாடுகளில் பரவியதில் இவருடைய சீடர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவத்தை விட்டுத் துறவு பூண்ட இவர், துறவறத்திலும் மருத்துவத்தைக் கைவிடாதது இவருடைய வாழ்க்கையின் தனித்தன்மை ஆகும்.

பிறப்பும் கல்வியும்

சிவானந்தரின் இயற்பெயர் குப்புசாமி. திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிப் பாசனப் பகுதியில் அமைந்த பத்தமடை என்னும் ஊரில் பிறந்தார். கோரைப் பாய் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. தந்தை வெங்கு ஐயர் எட்டயபுரம் சமீனில் வருவாய்த் துறை அலுவலராக இருந்தவர். தாயார் பார்வதி அம்மாள். இவர்களுக்குக் குப்புசாமி மூன்றாவது மகன். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதாந்த அறிஞர் அப்பைய தீட்சிதரின் மரபில் வந்த குடும்பம் இது.

எட்டயபுரத்தில் உள்ள அரசர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், திருச்சிராப்பள்ளியில் கிறித்தவ மறைப்பணியாளர் நடத்திய கல்லூரியில் சேர்ந்தார். படிப்புடன் உடற்பயிற்சியிலும் நாடகத்திலும் ஆர்வம் காட்டினார். பின்னர் தஞ்சாவூர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார்.

அம்புரோசியா இதழ்

1909 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து அம்புரோசியா என்ற பெயரில் ஆங்கில மருத்துவ மாத இதழ் ஒன்றைக் குப்புசாமி தொடங்கினார். அன்னை கொடுத்த நூறு ரூபாய் இதற்கு முதலாக அமைந்தது. கட்டுரைகள் எழுதுவது முதல் இதழை அனுப்புவது வரை பெரும்பாலான வேலைகளை அவரே செய்தார். வெவ்வேறு புனைபெயர்களிலும் எழுதினார். ஆங்கில மருத்துவச் செய்திகளுடன் ஆயுர்வேதம் பற்றிய கட்டுரைகளும் இதில் இடம்பெற்றன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இவ்விதழ் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் நூல்களையும் துண்டு வெளியீடுகளையும் ஓயாது அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்த பழக்கத்தின் தொடக்கத்தை இங்கே காணலாம். இதழால் போதிய வருவாய் கிடைக்காமையால் சென்னைக்குச் சென்று ஒரு மருந்தகத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார்.

மலாயாவில் மருத்துவப் பணி

1913 இல் குப்புசாமி கப்பலேறி மலாயாவுக்குச் சென்றார். அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பெருந்தொகையான கூலித் தொழிலாளர்கள் அந்நாட்டின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வந்தனர். நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கு அருகே இருந்த ஒரு தோட்ட மருத்துவமனையின் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பின், 1920 அளவில் சொகூர் பாருவுக்கு மாறி மேலும் மூன்று ஆண்டுகள் மருத்துவத் தொழில் செய்தார்.

தோட்ட மருத்துவமனையில் இவரிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்கள். அவர்களிடம் கட்டணம் வாங்காமல் மருத்துவம் பார்த்ததுடன், நோயிலிருந்து தேறியவர்களுக்குச் சத்தான உணவுக்காகத் தம் கைப்பணத்தைக் கொடுத்தனுப்புவதும் உண்டு. வீட்டு மருத்துவம், பழங்களும் உடல்நலமும், மகப்பேறு, பொதுச் சுகாதாரம் ஆகியவை குறித்துச் சிறு நூல்கள் எழுதினார். நோய்களின் ஆங்கிலப் பெயர்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தொகுத்தும் ஒரு நூல் வெளியிட்டார். தமிழ்த் தொழிலாளர்களிடையே பணியாற்றும் மருத்துவர்களுக்கு இத்தகைய தொகுப்பின் தேவை இருந்தது.

மலாயாவில் இவர் மருத்துவம் பார்த்த சாது ஒருவர் கொடுத்த வேதாந்த நூல் இவருடைய மனத்தை மாற்றியதாகக் கூறப்படுகிறது. நல்ல வருவாயும் மதிப்பும் பெற்றிருந்த காலத்தில், உடல்நோயை நீக்குவதால் மட்டும் மனிதரின் துன்பம் நீங்குமா என்ற கேள்வி அவரை வருத்தத் தொடங்கியது. 1923 இல் பணியைத் துறந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

துறவு

நாடு திரும்பிய குப்புசாமி இல்லற வாழ்வில் நிலைக்கவில்லை. காசிக்குச் சென்றார். பின்னர் நாசிக், பண்டரிபுரம் முதலிய இடங்களில் அலைந்து, மகாராட்டிரத்தில் ஒரு சிற்றூரில் அஞ்சல் அலுவலர் ஒருவரின் வீட்டில் பணியாளராகச் சில மாதங்கள் தங்கினார். சமையலும் வீட்டு வேலையும் செய்துவந்த அவருக்குத் தனித்திருந்து தவம் செய்ய இரிசிகேசமே ஏற்ற இடம் என்று வழிகாட்டியவர் அந்த அலுவலரே.

1924 மே மாதம் இரிசிகேசத்தை அடைந்தார். அவ்வாண்டு ஜூன் 1 ஆம் நாள் சுவாமி விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றுச் சிவானந்த சரசுவதி என்னும் பெயர் ஏற்றார். குருவும் சீடரும் ஒன்றாக இருந்த காலம் மிகக் குறுகியது. அதன் பின் கங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். அன்னசத்திரத்தில் கிடைத்த உணவை உண்டு, நீண்ட நேரம் தியானத்திலும் மௌனத்திலும் கழித்தார்.

ஆயினும் அவருடைய மருத்துவப் பெட்டி மூடப்படவில்லை. பதரிநாத், கேதார்நாத் ஆகிய தலங்களுக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்கள் அவ்வழியே சென்றனர். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காலில் புண் ஆகியவற்றால் துன்புற்றோர் பலர். அங்கிருந்த சாதுக்களுக்கும் மருத்துவ வசதி இல்லை. 1927 இல் தம் பழைய காப்புறுதிப் பத்திரத்திலிருந்து கிடைத்த பணத்தைக் கொண்டு இலட்சுமண சூலா அருகே சத்திய சேவாசிரமம் என்ற இலவச மருந்தகத்தைத் தொடங்கினார். உலகத் தொடர்பை அறுத்துக்கொள்ள வந்த துறவி பிறருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது முறையா என்பது அன்றைய துறவியர் சிலரின் ஐயமாக இருந்தது. நோயுற்றவருக்குச் செய்யும் தொண்டே மனத்தைத் தூய்மையாக்கும் முதற்படி என்பது சிவானந்தரின் நிலைப்பாடு. இந்நிலைப்பாடே அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் அடிப்படை ஆயிற்று.

தெய்வீக வாழ்க்கைச் சங்கம்

1934 இல் சிவானந்தர் கங்கையின் மறு கரையில் உள்ள முனி கி ரேத்தி பகுதிக்கு வந்தார். கைவிடப்பட்டிருந்த ஒரு மாட்டுக் கொட்டிலைத் தூய்மை செய்து, அதில் சில சீடர்களுடன் வாழத் தொடங்கினார். 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டது. தெகிரி கர்வால் அரசர் அளித்த நிலத்தில் ஆசிரமம் படிப்படியாக வளர்ந்தது. 1938 இல் சங்கத்தின் மாத இதழ் தொடங்கியது. 1943 டிசம்பர் 3 ஆம் நாள் தொடங்கிய இடைவிடாத மந்திர ஒலிப்பு ஆசிரமத்தில் தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

கிறித்துமசு, ஈசுட்டர் விடுமுறைகளில் ஆசிரமத்தில் சாதனை வாரங்கள் நடத்தப்பட்டன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த இல்லறத்தார் அந்நாட்களில் ஆசிரமத்திலேயே தங்கினர். விடியற்காலையில் எழுதல், தியானம், ஆசனம், பிராணாயாமம், கங்கையில் நீராடல், சைவ உணவு, தொண்டு, மாலையில் கூட்டு வழிபாடு என நாள் முழுவதும் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தது. முழுத் துறவு இயலாதவர்களுக்கும் சில நாள் ஒதுக்கம் பயன் தரும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். தங்குவோரிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. நன்கொடைகளைக் கொண்டே ஆசிரமம் நடந்தது. கடன் சுமையில் தத்தளித்த காலங்களும் இருந்தன.

1948 இல் யோக வேதாந்த வனப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இது பின்னர் யோக வேதாந்த வனக் கழகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கட்டடங்களோ தேர்வுகளோ முதன்மை பெறாமல், ஆசிரமவாசிகளுக்கும் வந்து தங்குவோருக்கும் யோகமும் வேதாந்தமும் முறையாகக் கற்பிப்பதே இதன் நோக்கமாக இருந்தது.

யோகமும் ஆயுர்வேதமும்

சிவானந்தர் கற்பித்த முறை ஒருங்கிணைந்த யோகம் எனப்படுகிறது. செயல், பக்தி, மன ஒருமை, ஞானம் ஆகிய நான்கு வழிகளையும் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒவ்வொன்றிலும் சிறிதளவு அன்றாடம் பழக வேண்டும் என்பது இதன் சாரம். ஆசனமும் பிராணாயாமமும் இதில் ஒரு பகுதியே ஆகும். மருத்துவர் என்பதால், உடற்கூற்றியல் சொற்களைப் பயன்படுத்தி ஆசனங்களின் செயற்பாட்டை விளக்க முயன்றார். இதனால் ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினரிடையே அவருடைய நூல்கள் விரைவாகப் பரவின. தாம் இளமையில் மேற்கொண்ட கடுந்தவத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்கவில்லை. உணவிலும் உறக்கத்திலும் பயிற்சியிலும் அளவு வேண்டும் என வலியுறுத்தினார்.

1945 இல் ஆசிரமத்தில் ஆயுர்வேத மருந்துச்சாலை நிறுவப்பட்டது. இமயமலைப் பகுதியில் கிடைக்கும் மூலிகைகளைக் கொண்டு சியவனப்பிராசம், பிராமி நெல்லித் தைலம் முதலியவை அங்கே செய்யப்பட்டன. ஆங்கில மருத்துவத்தில் பயிற்சி பெற்ற சிவானந்தர் அதனை ஒதுக்கிவிட்டு ஆயுர்வேதத்தை ஏற்றவர் அல்லர். ஆசிரம மருத்துவமனையில் ஆங்கில மருத்துவமும் தொடர்ந்து அளிக்கப்பட்டது. 1957 இல் கண் மருத்துவமனை ஒன்றும் தொடங்கப்பட்டது. அப்பகுதியில் வாழ்ந்த தொழுநோயாளர்களின் பராமரிப்பிலும் சங்கம் ஈடுபட்டது.

கொலை முயற்சி

1950 சனவரி 8 ஆம் நாள் மாலை வழிபாட்டின்போது, ஆசிரமத்தில் இருந்த ஒருவர் சிவானந்தரைக் கோடரியால் தாக்கினார். அரங்கின் மங்கிய ஒளியும், குளிருக்காக அவர் தலையில் கட்டியிருந்த துணியும் அவரைக் காப்பாற்றின. தாக்கியவரை அங்கிருந்தோர் பிடித்து அடைத்தனர். சிவானந்தர் காவல் துறையில் வழக்குத் தொடர மறுத்தார். அந்த மனிதருக்கு நூல்களும் பழங்களும் வழிச்செலவும் கொடுத்து, மரியாதையுடன் ஊருக்கு அனுப்பிவைத்தார். மன்னிப்பைப் பற்றி அவர் எழுதியவற்றைக் காட்டிலும் இந்நிகழ்வே அவருடைய சீடர்களால் பெரிதும் நினைவுகூரப்படுகிறது.

அதே ஆண்டு செப்டெம்பர் முதல் நவம்பர் வரை, இரண்டு மாதங்கள், இந்தியா முழுவதும் இலங்கையிலும் அவர் சுற்றுப்பயணம் செய்தார். துறவு பூண்ட பின் தமிழ்நாட்டு மக்களை அவர் பெருமளவில் சந்தித்தது இப்பயணத்திலேயே ஆகும்.

சீடர்களும் யோக ஆசிரமங்களும்

துறவியான பின் சிவானந்தர் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ சென்றதில்லை. அவருடைய நூல்களும் கடிதங்களும் சென்றன. பின்னர் சீடர்கள் சென்றனர். செருமனியின் தொடக்க கால யோக ஆசிரியர்களுள் ஒருவரான போரிசு சகரோவ் கடிதத் தொடர்பு வழியாகவே இவருக்குச் சீடரானார்.

* சுவாமி சிதானந்தர்: சிவானந்தருக்குப் பின் சங்கத்தின் தலைவராக 1963 முதல் 2008 இல் மறையும் வரை பொறுப்பு வகித்தார்.
* சுவாமி விட்டுணு தேவானந்தர்: 1957 இல் மேலைநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால் மோரின் என்னும் மலைப்பாங்கான ஊரில் ஆசிரமம் அமைத்து, விடுமுறையில் வந்து தங்கி யோகம் பழகும் முறையைப் பரப்பினார். கேரளத்தில் நெய்யாறு அணைக்கு அருகே 1978 இல் இவர் நிறுவிய ஆசிரமத்தில் பின்னாளில் ஆயுர்வேத மருத்துவமும் இடம்பெற்றது.
* சுவாமி சத்தியானந்தர்: பீகாரில் முங்கேர் நகரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவினார்.
* சுவாமி சச்சிதானந்தர்: கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். இலங்கையில் பணியாற்றிய பின் அமெரிக்கா சென்று, வர்சீனியா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் யோகவில் என்ற ஆசிரமத்தை அமைத்தார்.
* சுவாமி சிவானந்த ராதா: செருமனியில் பிறந்த பெண் துறவி. 1956 இல் துறவு பெற்று, கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில் யசோதரா ஆசிரமத்தை நிறுவினார்.
* சுவாமி சின்மயானந்தர்: 1949 இல் இவரிடம் துறவு பெற்றார். பின்னர் இவருடைய பெயரில் சின்மயா இயக்கம் உருவானது.

விமர்சனங்கள்

நீண்ட சோதனைக் காலம் இல்லாமல் பலருக்கும் துறவு அளித்தமை, பெண்களுக்கும் அயல்நாட்டவர்க்கும் துறவு அளித்தமை, தொலைவில் உள்ளோருக்குக் கடிதம் வழியாக மந்திரம் அருளியமை ஆகியவற்றுக்காக மரபுவழித் துறவியர் சிவானந்தரைக் குறைகூறினர். புகைப்படங்களும் பட்டங்களும் ஆசிரம விழாக்களும் மிகுதி என்ற விமர்சனமும் இருந்தது. ஒருவரிடம் உள்ள சிறு நற்பண்பையும் ஊக்கப்படுத்த வேண்டும் என்பது அவருடைய அணுகுமுறையாக இருந்ததாக ஆதரவாளர்கள் விளக்குகின்றனர்.

ஆசனங்கள் குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என அவருடைய நூல்களில் உறுதியாகக் கூறப்பட்டவற்றுள் பல, அறிவியல் ஆய்வுகளால் நிறுவப்பட்டவை அல்ல. முறையான பயிற்சி முதுகுவலி, மன அழுத்தம் போன்றவற்றில் ஓரளவு உதவுவதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அதனை மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. மருத்துவரான சிவானந்தர் தம் ஆசிரமத்தில் யோகக் கூடத்துடன் மருத்துவமனையையும் நடத்தியது இங்கு கருதத்தக்கது.

மேலும், யோகமும் ஆயுர்வேதமும் இணைந்த தங்குமிடங்கள் பிற்காலத்தில் ஒரு சுற்றுலாத் தொழிலாக வளர்ந்துள்ளன. அவற்றுள் பலவற்றில் உடல்நலமும் ஓய்வுமே முதன்மை பெறுகின்றன. சிவானந்தரின் நாள் ஒழுங்கில் இருந்த பாத்திரம் கழுவுதல், நோயாளியைப் பேணுதல் போன்ற தொண்டுப் பகுதி அத்தகைய இடங்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

மறைவு

நீரிழிவு நோயும் முதுகுவலியும் சிவானந்தரின் இறுதி ஆண்டுகளில் அவரை வருத்தின. 1963 ஜூன் மாதம் பக்கவாதம் தாக்கியது. ஜூலை 14 அன்று இரவு, கங்கைக் கரையில் தாம் வாழ்ந்த குடிலில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 75. அவருடைய உடல் ஆசிரம வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் சமாதிக் கோயில் அமைந்துள்ளது. பத்தமடையிலும் அவருடைய நினைவாகச் சங்கத்தின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது.