ஹட்சன் சில்வாவும் தோட்டத்துக் கண்களும்

இலங்கையின் நற்பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவர்களுள் வைத்தியர் ஹட்சன் சில்வா தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1929 ஆம் ஆண்டு பிறந்து 1999 மே மாதத்தில் மறைந்த இப்பெரியாரின் வாழ்வு, மலையகத் தமிழ் மக்களுக்கும் உணர்த்திச் செல்லும் பாடமொன்று உண்டு.

மருத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே, தானமாகக் கண்கள் கிடைக்காமையினால் பலர் பார்வையின்றி வாழ நேர்வதை அவர் கண்டார். 1958 ஆம் ஆண்டு சிங்களப் பத்திரிகையொன்றில் கட்டுரை எழுதி, மரணத்தின் பின் கண்களை வழங்குமாறு மக்களை வேண்டினார். மனைவி இராங்கனியும் தாயாரும் அவருக்குத் துணை நின்றனர். 1960 இல் தாயார் காலமானபோது அவரது கண்கள் தானமாக வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டு கண்தானச் சங்கம் உருவாயிற்று. ஆரம்ப நாட்களில் கண்களைப் பேணுவதற்கு அவரது இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியே போதுமானதாக இருந்தது.

1964 இல் முதற்றொகுதிக் கண்கள் விமான மூலம் சிங்கப்பூர் சென்றன. அன்று தொடங்கிய பணியினால், 50 க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு 60,000 க்கும் அதிகமான விழிவெண்படலங்கள் சென்றடைந்துள்ளன. 1996 இல் மறைந்த முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் கண்களும் ஜப்பானியருக்கு ஒளி தந்தன.

இங்கு வரலாற்றின் முரணொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்தான வேண்டுகோள் வெளியான அதே 1958 ஆம் ஆண்டில்தான் தமிழர்களுக்கு எதிரான இனக்கலவரம் மூண்டது. முதற் கண்கள் சிங்கப்பூர் சென்ற அதே 1964 ஆம் ஆண்டில்தான், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முகமறியாத அந்நியருக்குக் கண் கொடுத்த நாடு, தன் மண்ணில் உழைத்தவரை ஏறிட்டுப் பார்க்க மறுத்தது. அதற்காக சில்வாவின் பணி சிறிதும் குறைந்துவிடாது. கொடுத்த கண்ணுக்கு இனமோ மொழியோ தெரியாதென்பதை அவரது பணியே மெய்ப்பித்தது.

எனினும், தானம் பெற்ற கண் எல்லாக் குருட்டையும் நீக்குமென்று எண்ணுவது தவறாகும். மாற்றிப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போன்று தெளிந்திருக்கும் விழிவெண்படலம் மட்டுமே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால் பிறருடைய படலத்தை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றது. கண்ணின் பின்புறத்து விழித்திரையோ நரம்பிழையத்தாலானது. அதன் நடுவே சுமார் 5 மில்லிமீற்றர் அகலமேயுள்ள மஞ்சட் புள்ளியே எழுத்தையும் முகத்தையும் நுணுக்கமாகக் காட்டுவது. அது பழுதுபட்டால் நடந்து செல்ல இயலும். எதிரே நிற்கும் பிள்ளையின் முகம் மட்டும் மங்கிவிடும். 2023 இல் அமெரிக்காவில் முழுக் கண்ணொன்று மாற்றிப் பொருத்தப்பட்டபோதும் பார்வை மீளவில்லை.

கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்ட பகுதித் தோட்டங்களில் இறப்பரும் தேயிலையும் பயிராகின்றன. மரத்தின் மாறிழையத்தைக் காயப்படுத்தாது மெல்லிய சீவலாகப் பால் வெட்டுபவருக்கும், இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுபவருக்கும் தொழில்செய்யும் கருவி அந்த மஞ்சட் புள்ளியே. முதுமையும் நீரிழிவும் அதைத் தாக்குகின்றன. நீரிழிவினால் அங்கு நீர்கோத்து வீங்குவதை ஆரம்பத்தில் கண்டறிந்தால், ஊசி மருந்தினாலும் லேசர் சிகிச்சையினாலும் பெருமளவு காக்கலாம். காலந்தாழ்த்தினால் எவருடைய தானமும் உதவாது.

ஒரு நாட் பேரை இழந்து, பஸ் ஏறிக் கொழும்பு கண் வைத்தியசாலை வரை சென்று, வரிசையில் நின்று திரும்புவது தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. வலியில்லாத நோய்க்காக அவர் அவ்வாறு செல்வார் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஹட்சன் சில்வாவின் பெருமை கருணையோடு முடிந்துவிடவில்லை. மரணம் நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் கண்ணைப் பெற்று, பழுதுறாமற் காத்து, கடல் கடந்து உரிய நேரத்திற் சேர்க்கும் ஒழுங்கை அவர் அமைத்தார். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குக் கண்ணை அனுப்ப முடிந்த நாட்டுக்கு, கண்ணைப் பரிசோதிக்கும் கருவியைத் தெஹியோவிட்டவின் லயத்து வாசலுக்கு அனுப்புவது இயலாத காரியமன்று. நீரிழிவுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கொரு முறையேனும் தோட்டத்திலேயே விழித்திரைப் பரிசோதனை நடைபெறச் சுகாதார அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஆவன செய்ய வேண்டும். சம்பள உயர்வுக்கு ஒலிக்கும் குரல் இதற்காகவும் ஒலிக்கட்டும்.